பெரிய கோயிலைக் குற்றவாளி ஆக்கிய என் ஆங்கிலம்

பெரிது என்று சொல்ல ஆங்கிலத்தில் எத்தனை வார்த்தை இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் முதலில் 28,800 ரூபாய் என்றுதான் வாயில் வரும். அவ்வளவு பணம் போனது. மூன்று வாரம் தூக்கமும் போனது. இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் பகுதி நேரமாக மொழிபெயர்ப்பு வேலை எடுப்பவர்கள், கடை போர்டு, நோட்டீஸ், வெப்சைட் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறீர்கள். எனக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

தஞ்சாவூரில் வேன் வைத்து சுற்றுலா நடத்தும் ஒரு அண்ணன், வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கொடுக்க 12 பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகம் போட நினைத்தார். தமிழில் யாரோ அழகாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை ஆங்கிலமாக்க பக்கத்துக்கு 500, மொத்தம் 6,000 ரூபாய் என்று பேசினோம். "இங்கிலீஷ் சும்மா கம்பீரமா இருக்கணும் தம்பி" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. சாதாரணமாக எழுதச் சொல்லியிருந்தால் சாதாரணமாக எழுதியிருப்பேன், பிழைத்திருப்பேன்.

எங்கள் ஊரைப் பற்றி எழுதுவதில் ஒரு சிக்கல், எல்லாமே பெரிசு. கோயில் பெரிது, நந்தி பெரிது, கல்லணை பெரிது, சரஸ்வதி மகால் நூலகத்தின் சுவடிக் குவியல் பெரிது, வயல்வெளி பெரிது, மதியச் சாப்பாட்டு இலை கூடப் பெரிது. தமிழில் எழுதியவர் மாபெரும், பிரம்மாண்டமான, ராட்சத, பரந்து விரிந்த, ஓங்கி உயர்ந்த என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போயிருந்தார். நானோ பள்ளியில் ஒரே சொல்லைத் திரும்ப எழுதினால் மார்க் குறையும் என்று அடித்துச் சொல்லி வளர்க்கப்பட்டவன். பிக் என்று இரண்டு முறை எழுத மனசு வரவில்லை. போனில் ஒரு அகராதி ஆப்பைத் திறந்து பிக் என்று அடித்தேன். அதே பொருள் தரும் சொற்கள் என்று நாற்பது வந்து விழுந்தன. புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிப்பது போலப் பக்கத்துக்கு நாலாகத் தெளித்துவிட்டேன். நாலு நாளில் வேலை முடிந்தது. 3,000 பிரதி, ஒன்றுக்கு 14 ரூபாய், 42,000 ரூபாய்க்கு அச்சடித்து வந்தது. வழவழப்பான தாளில் என் வார்த்தைகளைப் பார்க்கப் பெருமையாக இருந்ததை மறைக்க மாட்டேன். அம்மாவிடம் கூட ஒன்று காட்டினேன்.

எட்டாவது நாள் அண்ணனிடமிருந்து போன். "தம்பி, லாட்ஜுல ஒரு வெள்ளக்காரம்மா நம்ம புத்தகத்தைப் படிச்சிட்டு சிரிக்கிறாங்க. என்னன்னு வந்து கேளுங்க." போனேன். இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா, எழுபது வயதிருக்கும். கையில் பென்சில். புத்தகத்தில் பதினோரு இடத்தில் வட்டம். கிண்டல் செய்யும் முகம் இல்லை, அதுதான் இன்னும் வலித்தது. முதல் வட்டத்தைக் காட்டி மெதுவாகக் கேட்டார்: "இந்தக் கோயில் அப்படி என்ன குற்றம் செய்தது?"

நான் எழுதியிருந்தது, 'எனார்மிட்டி ஆஃப் த டெம்பிள்' உங்களைத் திகைக்க வைக்கும் என்று. எனார்மஸ் என்றால் மிகப் பெரிய, அப்படியானால் எனார்மிட்டி என்றால் பெரிய தன்மை, சரிதானே? கணக்குப்படி சரி. ஆனால் வழக்கத்தில் அந்தச் சொல் கொடுமைக்குப் போய்விட்டது. நம்மூர் ஆங்கிலப் பேப்பரில் 'எனார்மிட்டி ஆஃப் த கிரைம்' என்று படித்திருப்பீர்கள், குற்றத்தின் கொடூரம் என்று அர்த்தம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. லத்தீனில் நோர்மா என்றால் தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டம். அந்த மட்டத்துக்கு அடங்காமல் வெளியே போனது எனார்மஸ். அளவில் வெளியே போனால் பெரிது, ஒழுக்கத்தில் வெளியே போனால் அட்டூழியம். பிற்பாடு தேடிப் பார்த்ததில் ஒரு ஆறுதல் கிடைத்தது. 2008இல் தேர்தலில் ஜெயித்த இரவு சிகாகோவில் பேசிய ஒபாமாவே, முன்னால் இருக்கும் பணியின் எனார்மிட்டி என்றுதான் சொன்னார். பெரிய அளவு என்ற பொருளையும் அகராதிகள் சேர்த்திருக்கின்றன, கூடவே இதைத் தவறு என்று நினைப்பவர்கள் உண்டு என்ற எச்சரிக்கையும் இருக்கும். ஒபாமா சொன்னால் சரித்திரம், நான் சொன்னால் பிழை, அவ்வளவுதான் வித்தியாசம். நம்மைப் போன்றவர்கள் அந்தச் சொல் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

இரண்டாவது வட்டம் நந்தி மேல். 'ராட்சத நந்தி' என்று தமிழில் இருந்ததை மான்ஸ்ட்ரஸ் நந்தி ஆக்கியிருந்தேன். நமக்கு ராட்சத பலூன், ராட்சத அலை, ராட்சத ராட்டினம் எல்லாம் சர்வ சாதாரணம். அந்தச் சொல்லில் இருந்த அசுரன் எப்போதோ இறங்கிப் போய்விட்டான், அளவு மட்டும் மிச்சம். ஆங்கிலத்து மான்ஸ்ட்ரஸில் அவன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான். படிப்பவர் காதில் கோரமான, அருவருப்பான நந்தி என்றுதான் விழும். இத்தனை வருடமாகப் பிரதோஷத்துக்குப் போய் நின்று கும்பிட்ட நந்தியை நானே கோரம் என்று 3,000 பிரதி அச்சடித்திருக்கிறேன் என்று புரிந்தபோது காது இரண்டும் சுட்டது. ஜெயண்ட் என்று எழுதியிருக்கலாம். அதுவும் கதைகளில் வரும் பூதாகாரமான மனிதன்தான், ஆனால் நம் ராட்சதனைப் போலவே சாதுவாகிவிட்டவன்.

மற்ற வட்டங்களை வேகமாகச் சொல்கிறேன். நூலகத்தின் சுவடித் தொகுப்பை பல்க்கி என்று எழுதியிருந்தேன், அது தூக்கவும் வைக்கவும் தொந்தரவான சாமானுக்குச் சொல்வது, பஸ்ஸில் ஏற்ற முடியாத மூட்டை மாதிரி. வயல்வெளியை மாசிவ் என்றிருந்தேன், அதில் கனம் இருக்கிறது, பாறைக்கும் கோட்டைச் சுவருக்கும் பொருந்தும், கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும் நிலத்துக்கு வாஸ்ட் வேண்டும். உயரத்துக்கு டவரிங். பிராகாரம் 'டூ பிக்' என்று எழுதியிருந்தேன், ரொம்பப் பெரிது என்ற நினைப்பில். டூ போட்டால் அது புகார், இவ்வளவு பெரிதாக இருந்திருக்கக் கூடாது என்று ராஜராஜனிடமே குறை சொன்ன மாதிரி. இதைத் தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் பேர் தினமும் சொல்கிறோம், டூ குட் என்று பாராட்டிப் பாராட்டிப் பழக்கமாகிவிட்டது. வாடிக்கையாளருக்கு லார்ஜ் வரவேற்பு என்று ஒரு இடத்தில். லார்ஜ் பொதுவாக அளவுக்கும் எண்ணிக்கைக்கும்தான் (நம்மூரில் அதற்கு இன்னொரு அளவும் உண்டு, அந்த அம்மாவிடம் அதை நான் விளக்கவில்லை). பிக் பிரதர் என்றால் மூத்த அண்ணன், லார்ஜ் பிரதர் என்றால் குண்டு அண்ணன், என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

கல்லணைதான் உச்சம். கல்லணைக்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து கிராண்ட் அனிகட் என்று பெயர். அனிகட் என்பதே நம் அணைக்கட்டிலிருந்து போனது. கிராண்ட் என்ற சொல் எனக்கு மங்கலாகத் தோன்றியதால் ஜைகாண்டிக் அனிகட் என்று 'மேம்படுத்தி' இருந்தேன். ஒரு ஊர்ப் பெயரையே மாற்றிய கதை. அந்த அம்மா வரைபடத்தில் அப்படி ஒன்றைத் தேடிக் கிடைக்காமல், இது இன்னொரு அணையோ என்று குழம்பியிருக்கிறார். பெயராகிவிட்ட சொல்லில் கை வைக்கக் கூடாது என்பதை அன்று கற்றேன். யுனெஸ்கோ பட்டியலில் கூட கிரேட் லிவிங் சோழா டெம்பிள்ஸ் என்றுதான் இருக்கிறது. 1987இல் பெரிய கோயில் மட்டும் சேர்ந்தது, 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் சேர்ந்தன. தாராசுரம் மற்ற இரண்டையும்விடச் சின்னக் கோயில், ஆனாலும் அது கிரேட். அளவைவிட மதிப்பைச் சொல்லும் சொல் அது. அங்கே ஹ்யூஜ் போட்டால் தாராசுரம் வெளியே போய்விடும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்த அம்மா டிக் போட்டிருந்தார். மதியச் சாப்பாட்டை கார்கான்டுவன் என்று எழுதியிருந்தேன். பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதை ஒன்றில் வரும் பெருந்தீனிக்கார ராட்சதனின் பெயரிலிருந்து வந்த சொல், விருந்துக்கும் பசிக்கும் அச்சாகப் பொருந்துமாம். குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தது.

அப்புறம் பணக் கதை. முதலில் நானும் அண்ணனும் ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்துவிடலாம் என்று கிளம்பினோம். 1,800 ரூபாய்க்கு ஸ்டிக்கர் அடித்தேன். ஒரு புத்தகத்துக்குப் பதினொன்று, நானும் தங்கையும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒட்டியதில் ஏறக்குறைய 400 பிரதி ஆனது. பார்க்க அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. அதைவிட, ஸ்டிக்கர் ஒட்டினால் கீழே என்ன இருக்கிறது என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். கைவிட்டோம். மறுபடி அச்சடிக்க அதே 42,000. அண்ணன் நல்ல மனிதர், கத்தவில்லை, "பாதி நீங்க பாதி நான்" என்றார். என் பங்கு 21,000, என் கூலி 6,000 வரவே இல்லை, ஸ்டிக்கர் 1,800. கூட்டிப் பாருங்கள். வீட்டில் பாதிதான் சொன்னேன். மீதிக்கு நண்பனிடம் கைமாற்று.

அந்த மூன்று வாரத்தில் நான் என்ன செய்தேன் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும். முதலில் அந்த நாற்பது சொல் பட்டியல் மேல் பயங்கரக் கோபம் வந்தது. அப்புறம் நிதானமாக யோசித்தால், அதே தப்பைத் தமிழில் ஒருவர் செய்தால் நாம் எப்படிச் சிரிப்போம்? கொழுத்த கோபுரம், தடித்த கடல், பருத்த வானம், பரந்த யானை. எல்லாம் பெரிதுதான், ஒன்றாவது உருப்படுகிறதா? பள்ளியில் படித்த குறுந்தொகைப் பாட்டில், தன் காதலைச் சொல்ல வந்த தலைவி நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, கடல்நீரைவிட ஆழம் காண அரிது என்று மூன்று பொருளுக்கு மூன்று விதமாக அளந்திருப்பாள். வானைவிடத் தடிமன் என்று சொல்லவில்லை. தமிழில் தன்னால் வருகிற இந்தக் கவனம் ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் எங்கே போய்விடுகிறது என்று தெரியவில்லை. ஆகவே இப்போது ஒரு சொல்லை எடுக்கும் முன் எவ்வளவு பெரிது என்று கேட்பதில்லை, எந்தப் பக்கம் பெரிது என்று கேட்கிறேன். உயரமா, பரப்பா, கனமா, எண்ணிக்கையா, பணமா. அபராதமும் பில்லும் பெரிதானால் ஹெஃப்டி. வாய் பிளக்க வைக்கும் எண்ணிக்கை என்றால் வாப்பிங். அளக்கவே முடியாதது, பொறுமை, மகிழ்ச்சி, அறிவு இதற்கெல்லாம் இம்மென்ஸ், அந்தச் சொல்லுக்கு வேர்ப்பொருளே அளக்கப்படாதது என்பதுதான். சுவடித் தொகுப்புக்கு இரண்டாம் பதிப்பில் அதைத்தான் போட்டேன்.

இன்னொன்று, சொல்லுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் பிரம்மாண்டத்தில் பிரம்மாவின் முட்டை இருப்பது போல அங்கேயும் ஒவ்வொன்றிலும் ஒருவர் இருக்கிறார். கொலாசல் என்பதில் ரோட்ஸ் தீவில் நின்ற சூரியக் கடவுளின் வெண்கலச் சிலை இருக்கிறது. ஏறத்தாழ 33 மீட்டர், கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பூகம்பத்தில் முட்டி உடைந்து விழுந்தது. நம் பெரிய கோயில் விமானம் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம், 1010இலிருந்து நிற்கிறது, ஆகவே கொலாசல் என்று தாராளமாக எழுதலாம், அந்தச் சொல்லுக்குத்தான் பெருமை. ஜம்போவில் ஒரு ஆப்பிரிக்க யானை. லண்டன் மிருகக்காட்சி சாலையில் குழந்தைகளைச் சுமந்து நடந்தது, 1882இல் அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னம் அதை வாங்கிக்கொண்டு போனார், 1885இல் கனடாவில் ரயில் மோதிச் செத்தது. பாவம், அதன் பெயர் இப்போது இறால் பாக்கெட்டில் இருக்கிறது. வியாபார வாசனை அடிக்கும் சொல், கோயிலுக்கு ஆகாது. மாமத் (அழிந்துபோன ரோம யானையின் பெயர்) என்பதை அமெரிக்கர்கள் பரப்பியதில் ஒரு பாலாடைக்கட்டிக்கும் பங்கு உண்டு, 1802 புத்தாண்டு அன்று ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு வந்த 1,235 பவுண்டு கட்டி. டைட்டானிக்கை எதற்கு வேண்டுமானாலும் போடுங்கள், படகுச் சவாரிக்கு மட்டும் வேண்டாம். ஜகந்நாதர் தேரிலிருந்து போன ஜக்கர்நாட்டும் அப்படித்தான், எதிரே வருவதை நசுக்கிக்கொண்டு போகும் சக்தி என்று அங்கே அர்த்தமாகிவிட்டது. நம் திருவாரூர்த் தேரைப் பெருமையாகச் சொல்ல அதை எடுத்தால் வம்பு.

வெரி எனார்மஸ், வெரி ஜைகாண்டிக் என்று நான் நாலு இடத்தில் எழுதியிருந்தேன். அந்தச் சொற்களுக்குள்ளேயே வெரி இருக்கிறது, மேலே ஒன்று தேவையில்லை. அழுத்தம் வேண்டுமென்றால் அப்சல்யூட்லி போடுவார்கள். பிக், லார்ஜ், டால் இதற்கெல்லாம் வெரி போடலாம். ஹ்யூமங்கஸ், ஜைனார்மஸ் இரண்டும் நண்பர்களோடு அரட்டைக்கு. ஜைனார்மஸ் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் ஏறியதே 2007இல்தான். அச்சில், விண்ணப்பத்தில், ஆபீஸ் மெயிலில் வேண்டாம். வரிசையும் ஒரு பொறி. நாம் கருங்கல்லால் ஆன பெரிய நந்தி என்று கல்லை முன்னால் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அளவு முதலில், பிறகு பழமை, நிறம், கடைசியில்தான் பொருள். ஹ்யூஜ் பிளாக் ஸ்டோன் நந்தி. ஸ்டோன் ஹ்யூஜ் நந்தி என்று நான் எழுதியதைப் பார்த்து அந்த அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

வேலை விஷயமாகவும் சிலது. ஒரே பொருள் தரும் சொல் பட்டியலை மூடி வைத்துவிட்டு, உதாரண வாக்கியங்கள் தரும் அகராதியைப் பிடியுங்கள். எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்று காட்டுவதற்கென்றே ஆங்கிலத்தில் தனி அகராதிகள் இருக்கின்றன, நல்ல நூலகத்தில் கிடைக்கும். சந்தேகமான சொல்லைப் பத்து வாக்கியத்திலாவது பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், அதில் நாலு இடத்தில் கொலை, நோய், கொடுமை வந்தால் விட்டுவிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஐந்து பிரதி சாதாரணத் தாளில் எடுத்து, படிக்கப்போகிற ஆட்களில் ஒருவரிடமே கொடுத்துப் பாருங்கள். எங்கள் லாட்ஜில் தினமும் வெளிநாட்டுக்காரர்கள் டிபன் சாப்பிடுகிறார்கள், ஒரு காபி வாங்கிக் கொடுத்துக் கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும், இந்த எண்ணம் வரும்போதெல்லாம் இப்போதும் தலையில் அடித்துக்கொள்கிறேன். பிழை வந்தால் மறு அச்சுச் செலவு யாருடையது என்று வாட்ஸப்பிலாவது ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் பேசிய கூலியைப்போல மூன்றரை மடங்கு அச்சுக்கூலியில் பங்கு கொடுத்தேன், எந்தக் கணக்கிலும் அது நியாயமில்லை, ஆனால் முன்னால் பேசாததால் வாய் திறக்க முடியவில்லை.

இரண்டாம் பதிப்பை எழுதும்போது பெரும்பாலான இடங்களில் அந்தச் சொற்களையே எடுத்துவிட்டேன். விமானம் ஏறத்தாழ 60 மீட்டர், ஆயிரம் வருடப் பழசு, கல்லணை 300 மீட்டருக்கு மேல் நீளம் என்று எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். நந்தி பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் போட்டோவைப் போட்டோம். வாஸ்ட் ஒரு இடம், டவரிங் ஒரு இடம், இம்மென்ஸ் ஒரு இடம். கார்கான்டுவன் சாப்பாட்டை அப்படியே விட்டேன். அட்டையில் என்ன போடலாம் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, ஊரில் எல்லோரும் சொல்வதையே போட்டேன்: த பிக் டெம்பிள்.

அச்சகத்தில் முதல் பிரதியைக் கையில் வாங்கிய அண்ணன் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "பிக் டெம்பிள்னு எனக்கே தெரியுமே தம்பி. இதுக்கா மூணு வாரம்?"